மனம் மாறும் பாத்திரங்கள்: பெருமுக்கல் வட்டாரத்துக் கூத்தும் தமிழ் அரசியல் திரைப்படமும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையை ஒட்டி எழுந்து நிற்கும் பெருமுக்கல் மலை, வரலாற்றுக்கு முற்பட்ட மனிதர்கள் பாறையில் கீறிச் சென்ற உருவங்களையும், முக்தியாலீசுவரர் கோயிலையும், அக்கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளையும், பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையினரும் போட்டியிட்டுக் கைப்பற்றிய ஒரு கோட்டையின் இடிபாடுகளையும் ஒருசேரத் தாங்கியிருக்கிறது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படையை வென்ற அயர் கூட், அதன்பின் புதுச்சேரியை நோக்கி நகர்ந்தபோது பிடித்த கோட்டைகளுள் பெருமுக்கலும் ஒன்று. ஆட்சி மாறியதைக் கல்லும் மதிலும் பதிந்துவைத்த இந்த வட்டாரத்தில், மனித மனம் மாறுவதைப் பதிந்துவைத்தது கூத்துக் களரி. கூத்துக் களரியிலிருந்து நாடகக் கொட்டகைக்கும், அங்கிருந்து டூரிங் கொட்டகைத் திரைக்கும், இன்று கைப்பேசித் திரைக்கும் நீளும் அந்தத் தொடர்ச்சியில், அரசியல் செய்தி சொல்ல வந்த கதைகள் தம் மாந்தரை எந்த அளவுக்கு நம்பும்படி வளர்த்தெடுத்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பாத்திர வளர்ச்சி என்பது, கதை தொடங்கும்போது ஒருவரிடம் இருந்த நம்பிக்கையும் அச்சமும் ஆசையும் கதைக்குள் நேரும் நிகழ்ச்சிகளின் அழுத்தத்தால் படிப்படியாக வேறாகி, தொடக்கத்தில் அவரால் செய்திருக்கவே முடியாத ஒரு செயலை இறுதியில் அவர் செய்யும் நிலைக்கு வந்து சேர்வதாகும். அரசியல் படத்தில் இதற்குத் தனியான ஓர் இடர் உண்டு. சென்று சேர வேண்டிய முடிவு எழுத்தாளரிடம் முன்பே இருப்பதால், பாத்திரத்தை அவ்விடத்துக்கு இழுத்துவந்து நிறுத்தும் அவசரத்தில், இடையில் வரவேண்டிய தயக்கமும் பின்வாங்கலும் இழப்பும் விடுபட்டுப்போகின்றன; பேச்சு மட்டும் மிஞ்சுகிறது. சினிமாவிலிருந்து முதலமைச்சர்கள் எழுந்த ஒரு மாநிலத்தில் இது திரைக்கதை எழுதுவோருக்கு மட்டும் உரிய கவலையாக இருக்க முடியாது. தம்மைப் போன்ற எளிய மனிதர் மாற முடியுமா, அல்லது மாற்றம் எப்போதும் வெளியிலிருந்து வரும் ஒருவரால்தான் நிகழுமா என்ற கேள்விக்கு மக்கள் பெற்ற விடையும் அதில் அடங்கியிருக்கிறது.

செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் ஆகிய பகுதிகளில் இக்கேள்வியை முதலில் எழுப்பியது, திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய ஆடப்படும் பாரதக் கூத்து. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரி, திரௌபதி வழிபாட்டின் ஆதி இடம் என்று மதிக்கப்படுவதால், இவ்வட்டாரம் அக்கூத்து மரபின் நடுநிலம் என்றே சொல்லத்தக்கது. பகலில் பாரதப் பிரசங்கி கதையை விரித்துரைக்க, இரவில் கூத்து ஜமா, அதாவது கூத்தாடுவோர் குழு, அதே கதையை ஆடிக் காட்டும். கண்ணாடித் துண்டுகள் பதித்த, ‘கட்டை’ எனப்படும் மர அணிகலன்களைத் தலையிலும் தோளிலும் மார்பிலும் பூட்டிக்கொண்ட வேடதாரி, இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று தன் பெயரையும் குலத்தையும் வீரத்தையும் பாடிய பிறகே அவைக்கு முகம் காட்டுகிறான். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அவனை யாரென்று கேட்கிறான், கிண்டுகிறான், சில வேளைகளில் ஊர் நடப்பையும் உள்ளே இழுத்துவிடுகிறான். தன்னை முழுமையாக அறிவித்துவிட்டு வரும் இவ்வகைப் பாத்திரத்துக்கு மாறுவதற்கு இடமே இல்லை என்று தோன்றலாம். மரபின் சிறந்த கூத்துகள் அந்த எண்ணத்தைப் பொய்யாக்குகின்றன.

கர்ண மோட்சம் அதற்குச் சான்று. பெற்றோர் யாரென்று தெரியாமல் தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன் என்பதற்காகக் கர்ணனை அவன் மனைவி பொன்னுருவி இகழ்கிறாள். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் முன் விடைபெற வந்து நிற்கும் கணவனுக்கு முகம் கொடுக்க அவள் மறுக்கும் காட்சியில், வாசலில் நிற்பவன் அங்க நாட்டரசன் என்பது அவையோருக்கு மறந்துபோய், மனைவியின் ஒரு சொல்லுக்காக ஏங்கும் ஆண் ஒருவனே அங்கு நிற்கிறான். ஆர்மோனியமும் முகவீணையும் மிருதங்கமும் தணிந்து கொடுக்க, பாட்டும் வசனமுமாக நீண்டுகொண்டே போகும் அந்த வாக்குவாதத்தின் இறுதியில், அவன் குந்தி பெற்ற மூத்த மகன், பாண்டவருக்கு அண்ணன் என்பது அவளுக்குத் தெரியவருகிறது. அவள் உடைந்து போகிறாள். அன்றே அவனை இழக்கிறாள். பின்னர் அவள் ஒப்பாரி. கலை என்ற அளவில் இந்த மாற்றத்தில் குறை காண முடியாது. இகழ்ச்சிக்கும் அழுகைக்கும் இடையே வேண்டிய நேரத்தைக் கூத்து தாராளமாகக் கொடுக்கிறது. அவள் அறிந்துகொண்டதற்கு விலையாகக் கணவனின் உயிரே போகிறது.

ஆயினும் அந்த மாற்றத்துக்கு அடியிலுள்ள அரசியலை உற்றுநோக்க வேண்டியிருக்கிறது. கர்ணன் தேரோட்டியின் மகனாகவே இருந்திருந்தால் பொன்னுருவியின் இகழ்ச்சிக்கு மாற்றே இருந்திராது. அவன் உயர்ந்த பிறப்பினன் என்ற செய்திதான் அவள் மனத்தைத் திருப்புகிறது. பிறப்பால் மனிதரை அளக்கும் அளவுகோல் அவள் கையிலிருந்து கீழே விழவில்லை, அளந்ததில் நேர்ந்த பிழை மட்டும் திருத்தப்பட்டது. பிறப்பின் இரகசியம் வெளிப்பட்டதும் பகை உறவாகிவிடும் இந்த உத்தியைப் ‘பிறப்பு வெளிப்பாடு’ என்று குறிப்பது வசதியாக இருக்கும். தமிழ்த் திரைப்படம் கூத்திலிருந்தும் கதைப்பாடலிலிருந்தும் பெற்ற சொத்துகளுள் இது பெரியது. அரசியல் படங்கள் நெடுங்காலம் இதிலிருந்து விடுபட முடியாமல் தவித்தன.

கூத்துக்கும் சினிமாவுக்கும் நடுவில் நின்றது சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த இசை நாடகம். சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். அவர் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில், அதாவது சிறுவர்களை வைத்து நடத்திய நாடகக் குழுக்களில், பயின்றவர்களே பிற்காலத் திரை நடிகர்களில் பெரும்பாலோர். தேசிய இயக்கம் வலுத்த ஆண்டுகளில் புராண நாடகங்களின் நடுவே விடுதலைப் பாட்டு நுழைந்தது. இதைத் தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளியான ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ என்ற நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்நாடகங்களில் செய்தி பாட்டில் இருந்தது, பாத்திரத்தில் இல்லை. வள்ளியோ அரிச்சந்திரனோ கதர் பற்றிப் பாடிவிட்டுத் தன் பழைய கதைக்குத் திரும்பிவிடுவார். பாடியதால் அவரிடம் எதுவும் மாறாது.

செய்தியைப் பாத்திரத்தின் வாழ்க்கைக்குள் முதலில் கொண்டுவந்த பெரும் முயற்சி 1939இல் கே. சுப்ரமணியம் இயக்கிய ‘தியாகபூமி’. கல்கியின் கதை ‘ஆனந்த விகடன்’ இதழில் படத்தின் காட்சிகளோடு தொடராக வந்தது. படம் பின்னர் பிரிட்டிஷ் அரசின் தடைக்கு ஆளானது. பாபநாசம் சிவன் நடித்த சம்பு சாஸ்திரி, புயல் வெள்ளத்தில் வீடிழந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தம் இடத்தில் புகலிடம் கொடுத்ததற்காக அக்ரகாரத்தால் ஒதுக்கிவைக்கப்படுகிறார். அவர் சீர்திருத்தச் சொற்பொழிவு எதையும் ஆற்றவில்லை. கண் முன்னே துன்பப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்தார். அதன் விளைவு அவர் வாழ்க்கையைப் புரட்டியது. புரட்டப்பட்ட வாழ்க்கை அவரை வேறொருவர் ஆக்கியது. செயல் முன்னும் கருத்து பின்னுமாக வரும் இவ்வரிசை, பாத்திர மாற்றத்தை நம்பச் செய்யும் வழிகளுள் மிகப் பழையதும் மிக உறுதியானதும் ஆகும். எஸ். டி. சுப்புலட்சுமி நடித்த அவர் மகள் சாவித்திரியின் மாற்றம் இதனினும் துணிச்சலானது. கணவனால் விரட்டப்பட்ட அவள் செல்வச் சீமாட்டி உமாராணியாகத் திரும்பி வருகிறாள். தன்னோடு வாழ வரவேண்டும் என்று அவன் தொடுத்த வழக்கில், வாழ மறுத்து, வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் தருவதாக நீதிமன்றத்திலேயே சொல்கிறாள். ஆனால் அவள் செல்வம் அடைந்த விதம் ஒரு தற்செயல். எதிர்பாராமல் வந்து சேர்ந்த சொத்து இல்லாமல் அவளால் அந்தக் கூண்டில் நின்று அப்படிப் பேசியிருக்க முடியுமா என்ற கேள்வியைப் படம் எதிர்கொள்ளவில்லை. சொத்தில்லாத பெண் அவ்வாறு நிமிர்ந்து நிற்கும் காட்சிக்குத் தமிழ்த் திரை பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

திராவிட இயக்கத்தார் திரைக்கு வந்தபோது செய்தியின் வேகம் கூடியது. அண்ணாதுரை எழுதி ஏ. எஸ். ஏ. சாமி இயக்கிய ‘வேலைக்காரி’ 1949இல் வெளிவந்தது. கே. ஆர். ராமசாமி நடித்த ஆனந்தன், வேதாசல முதலியாரிடம் பட்ட கடனால் தன் தந்தை தூக்கிட்டு மாண்டதை அறிந்து, கத்தியோடு பழிதீர்க்கக் கிளம்புகிறான். டி. எஸ். பாலையா நடித்த நண்பன் மணி, ஆயுதத்தைக் கைவிட்டு அறிவைப் பயன்படுத்தும்படி அவனைத் திருப்புகிறான். இறந்துபோன செல்வந்தன் ஒருவனின் உருவ ஒற்றுமையைப் பயன்படுத்தி ஆள்மாறாட்டம் செய்து, முதலியாரின் மகளையே மணந்து, அந்தக் குடும்பத்தை உள்ளிருந்து ஆட்டிவைக்கும் ஆனந்தனின் கதை வேகமாக நகர்கிறது. காளி கோயிலில் அவன் தெய்வத்தோடு வாதிடும் காட்சி இன்றும் வலிமை குன்றாதது. பக்தனாக இருந்தவனின் ஏமாற்றம் அந்த வாதத்துக்குள் இருப்பதால், அது பகுத்தறிவுப் பிரச்சாரமாக மட்டும் நின்றுவிடாமல் ஒரு மகனின் துயரமாகவும் ஒலிக்கிறது. அதற்குப் பின் அவன் மாறுவது நின்றுவிடுகிறது. மாறும் கடமை முதலியாருக்குப் போய்ச் சேர்கிறது. அவரோ படத்தின் கடைசிக் கட்டத்தில், எல்லா முடிச்சும் அவிழ்ந்த வேகத்தில், திருந்திவிடுகிறார். செய்தியைச் சொல்பவன் மாறாமல் நிற்க, எதிரி இறுதியில் மனந்திருந்துவது என்ற அமைப்பு, இப்படத்துக்குப் பின் தமிழ் அரசியல் படத்தின் வாய்பாடாகவே ஆகிவிட்டது.

அந்த வாய்பாட்டை மீறிய வலிமை 1952 அக்டோபர் 17 அன்று வெளியான ‘பராசக்தி’க்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கும்போது விழுப்புரத்துக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அப்படத்தில் அறிமுகமான சிவாஜி கணேசன் 1928 அக்டோபர் 1 அன்று விழுப்புரத்தில் பிறந்தவர், வி. சி. கணேசன் என்ற பெயரின் முதலெழுத்து அவ்வூரைக் குறிப்பது. இரயில்வே ஊழியராக இருந்த அவர் தந்தை தேசியப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து பெண் வேடம் முதல் எல்லா வேடமும் கட்டிப் பயின்ற கணேசன், அண்ணாதுரை எழுதிய நாடகத்தில் மராத்திய மன்னராக நடித்ததைப் பார்த்துப் பெரியார் சூட்டிய பெயர் ‘சிவாஜி’.

மு. கருணாநிதி வசனம் எழுதி, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய ‘பராசக்தி’ என்றாலே நீதிமன்றக் காட்சியைத்தான் எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பும்படி ஆக்கியது அதற்கு முன் வரும் நீண்ட சரிவு என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. இரங்கூனிலிருந்து தங்கையின் திருமணத்துக்காகக் கப்பலேறி வரும் குணசேகரன் உலகம் அறியாத செல்வ வீட்டுப் பிள்ளை. சென்னையில் முதல் இரவிலேயே கையிலிருந்ததைப் பறிகொடுக்கிறான். தெருவோரப் படுக்கை, பசி, காவலரின் விரட்டல் ஆகியவற்றின் வழியாக அவன் உடல் முதலில் மாறுகிறது. கைம்பெண்ணாகிக் கைக்குழந்தையோடு தவிக்கும் தங்கை கல்யாணியைக் கண்டுபிடித்த பிறகும், வெறுங்கையோடு நிற்கும் அண்ணன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளக் கூசி, பைத்தியக்காரன் வேடத்தில் அவளையே சுற்றிச்சுற்றி வருகிறான். சிவாஜி கணேசனின் கலை மிகுதியாக வெளிப்படும் இடம் இது. பைத்தியமாக நடிக்கும் அந்தச் சிரிப்புக்கு அடியில் வெட்கமும் பாசமும் ஒன்றையொன்று நெரிப்பது அவர் கண்ணிலும் தோளிலும் தெரிகிறது; கம்பெனி நாடகத்தில் உடலால் பேசப் பழகிய ஒருவரால்தான் இதைச் செய்ய முடியும். கோயிலில் பூசாரியின் கொடுமைக்குத் தப்பி, வாழ வழியற்றுத் தன் குழந்தையை ஆற்றில் எறிந்த கல்யாணி குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது, குணசேகரனின் சினம் அவன் பட்ட பாட்டிலிருந்து பிறந்ததாகவே அவையோருக்குப் பட்டது. அதே நீதிமன்றத்தில் நீதிபதி அவர்களின் மூத்த அண்ணன் என்பது வெளிப்பட்டு, எல்லாம் குடும்பச் சேர்க்கையில் முடியும்போது மட்டும், கூத்தின் பழைய பிறப்பு வெளிப்பாடு வேறு உடையில் மீண்டும் வந்து, எழுந்து நின்ற கேள்விகளை அவசரமாக உட்காரவைத்துவிடுகிறது. குற்றம் சாட்டப்பட்ட சமூகம் கூண்டிலிருந்து எளிதாக இறங்கிப் போயிற்று என்றே கருத வேண்டும்.

எம். ஜி. ராமச்சந்திரனின் படங்களில் மாறாமையே கொள்கையாக ஆயிற்று. 1956இல் வெளியான ‘மதுரை வீரன்’, ஒடுக்கப்பட்டோர் வழிபடும் வீரனின் கதை. படத்தில் அவன் அரச குலத்தில் பிறந்து, காட்டில் விடப்பட்டு, சக்கிலியர் குடும்பத்தில் வளர்ந்தவனாக வருகிறான். கர்ணனுக்குக் கூத்து செய்ததையே வீரனுக்குக் கதைமரபும் திரையும் செய்தன. 1958இல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்தில், உருவத்தால் ஒத்த மன்னனின் இடத்தில் அமரும் நாடோடி, ஏழைகளுக்கு வேண்டிய சட்டங்களைத் தெளிவாகச் சொல்கிறான். அவனுக்குக் கற்றுக்கொள்ள ஏதுமில்லை, கற்பிக்க மட்டுமே உண்டு. பெருமுக்கலுக்கு மேற்கேயுள்ள செஞ்சிக் கோட்டையை ஆண்டு 1714இல் மாண்ட தேசிங்கு ராஜனின் கதைப்பாடல் 1960இல் அவர் நடிப்பில் ‘ராஜா தேசிங்கு’ ஆனபோதும், பாடலில் இருந்த அவசரக்கார இளைஞனின் குறைகள் நாயகனின் பெருமைக்கு அடியில் மங்கிவிட்டன. எம். எஸ். எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய ‘தி இமேஜ் ட்ராப்’ நூல், இந்த நாயக உருவம் ஏழை மக்களின் ஏக்கத்தை எப்படி ஆட்சிக்கான ஆதரவாக மாற்றியது என்பதை விளக்குகிறது. பாத்திர வளர்ச்சி என்ற கோணத்தில் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று: மாறத் தேவையில்லாத நாயகனைப் பார்த்துப் பழகிய பார்வையாளர், தாமும் மாற வேண்டியவர் என்ற உணர்வைத் திரையிலிருந்து பெற வழியில்லாமல் போயிற்று.

இதற்கு மாற்று, இடதுசாரி இயக்கம் சார்ந்தவர்களிடமிருந்து வந்தது. மாக்சிம் கார்க்கியின் ‘தாய்’ நாவலை 1926இல் படமாக்கிய புதோவ்கின், குடிகாரக் கணவனுக்கு அஞ்சி வாழ்ந்த ஒரு முதிய தொழிலாளிப் பெண், மகனைக் காப்பாற்றும் ஆசையில் செய்த பிழையின் வழியாகவே போராட்டத்துக்கு வந்துசேர்வதைக் காட்டி, அரசியல் படத்தில் தனிமனித மாற்றத்துக்கு உலக அளவில் ஒரு முன்மாதிரி அமைத்தார். தொ. மு. சி. ரகுநாதனின் மொழிபெயர்ப்பால் அந்நாவல் தமிழ்நாட்டுத் தொழிற்சங்கத்தார் பலருக்கும் நெருக்கமானது. வங்கப் பிரிவினையில் வேரிழந்தோர் பற்றி ‘சின்னமூல்’ எடுத்து, புதோவ்கினின் பாராட்டையும் பெற்ற நிமாய் கோஷ், பின்னர் சென்னைக்கு வந்து 1960இல் ‘பாதை தெரியுது பார்’ படத்தை இயக்கினார், எம். பி. சீனிவாசன் இசையமைத்தார். தொழிலாளர் வாழ்க்கையை நேராகச் சொன்ன அப்படம் கொட்டகைகளில் போதிய இடம் பெறவில்லை. 1965இல் ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ தேசிய விருது பெற்றும் பரவலான மக்களைச் சென்றடையவில்லை. தமிழ்த் திரையில் குடிசைச் சிறுவன் ஒருவனின் பிடிவாதத்தையும் மனக்காயத்தையும் அறிவுரை கலக்காமல் காட்டிய படம் அது என்பதால், இவ்வரலாற்றில் அதன் இடம் பெரியது.

1980களில் மாற்றம் மீண்டும் மையத்துக்கு வந்தது. கோமல் சுவாமிநாதனின் நாடகத்திலிருந்து கே. பாலசந்தர் 1981இல் எடுத்த ‘தண்ணீர் தண்ணீர்’, ஒரு கிராமமே மனு கொடுப்பதிலிருந்து தேர்தல் புறக்கணிப்புக்கும், அதிலிருந்து தாமே கால்வாய் வெட்டுவதற்கும் நகர்வதைக் காட்டுகிறது. ஒவ்வோர் அடியும் முந்தைய அடி தோற்றதால் எடுத்து வைக்கப்படுவதால், அந்தக் கூட்டு மாற்றத்தில் செயற்கை தெரியவில்லை.

1987இல் பாரதிராஜா இயக்கிய ‘வேதம் புதிது’ தனியாகக் கருதத்தக்கது. சத்யராஜ் நடித்த பாலுத்தேவர் தொடக்கத்திலேயே சாதியை எதிர்ப்பவர், கடவுள் மறுப்பாளர், ஊரில் மதிப்புள்ளவர். பழைய வாய்பாட்டின்படி அவர் செய்தி சொல்லும் மாறாத நாயகனாகவே இருந்திருக்க வேண்டும். திரைக்கதை அவரையே மாற வேண்டியவர் ஆக்கியது. சாதி கூடாதென்று பேசிக்கொண்டிருக்கும் அவரிடம், பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டம் அவர் படித்து வாங்கியதா என்று பிராமணச் சிறுவன் சங்கரன் கேட்கும்போது, யாரோ தம்மை அறைவதுபோல் அவர் உணர்கிறார். நல்லவரின் நேர்மையில் இருந்த ஓட்டை அங்கே தெரிகிறது. அக்கேள்வியைக் கேட்டது ஒரு சிறுவன் என்பதும், அவனுக்குப் பகை இல்லை, அறியும் ஆசை மட்டுமே உண்டு என்பதும் அக்காட்சியை உபதேசத்திலிருந்து காப்பாற்றுகின்றன. மகனைப் பறிகொடுத்த அவர், அநாதையான அந்தச் சிறுவனைத் தம் வீட்டில் வைத்துக் காக்கத் துணிந்து, அதற்கான விலையைத் தம் உயிரால் கொடுக்கிறார். பிறப்பு வெளிப்பாடு இங்கே தலைகீழாகிறது: பொன்னுருவியின் மனத்தைத் திருப்பியது கணவனின் உயர்ந்த பிறப்பு பற்றிய செய்தி, பாலுத்தேவரின் மனத்தைத் திருப்பியது தம் பிறப்பின் பெருமையைத் தாம் சுமந்துகொண்டிருக்கிறோம் என்ற உணர்வு. மூன்று பத்தாண்டுகள் கழித்து, 2018இல் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’, ஆதிக்கச் சாதித் தந்தை ஒருவரை முழுமையாகத் திருத்தாமல், வெட்கமும் அரைகுறைப் பரிவும் கலந்த ஒரு பேச்சோடு நிறுத்தியது. மேசை மேல் அருகருகே இருக்கும் இரண்டு தேநீர்க் குவளைகளுக்கு மேல் அப்படம் எந்த வாக்குறுதியையும் தரவில்லை. உண்மையில் எவ்வளவு மாற்றம் நிகழக்கூடுமோ அவ்வளவே காட்டிய நேர்மை அதற்கு உண்டு.

பெருமுக்கல் வட்டாரம் இந்த வரலாற்றுக்குள் நேரடியாக நுழைவது இருளர் வழியாக. பாம்பும் எலியும் பிடித்தும், மரம் வெட்டியும், செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு உழைத்தும் வாழ்ந்த இப்பழங்குடியினர், திருட்டுப் பொய்வழக்குகளுக்கு எளிதில் இரையானவர்கள். பழங்குடிச் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் அன்றிக் கோட்டாட்சியர் நிலை அதிகாரியே வழங்க வேண்டும் என்ற விதியால், ஒரு தாளுக்காகத் திண்டிவனத்துக்கும் ஊருக்கும் அவர்கள் அலைந்த அலைச்சல் சிறிதன்று. திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி, 1990களில் இம்மக்களோடு சேர்ந்து பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டியெழுப்பினார். தென்னார்க்காடு மாவட்டம் பிரிந்து விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று தோன்றியது. அதே ஆண்டின் தொடக்கத்தில், பழைய தென்னார்க்காட்டின் கம்மாபுரம் காவல் நிலையத்தில், முதனை கிராமத்தைச் சேர்ந்த குறவர் ஒருவர் காவலர்களால் கொல்லப்பட்டார். அவர் மனைவிக்காக உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர் பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு. அந்த வழக்கைத் தழுவி, பாதிக்கப்பட்டோரை இருளராக மாற்றி, த. செ. ஞானவேல் இயக்கிய ‘ஜெய் பீம்’ 2021 நவம்பர் 2 அன்று அமேசான் பிரைம் தளத்தில் வெளியானது. உண்மையில் துன்புற்ற சமூகத்தின் பெயரை மாற்றியது சரியா என்ற விவாதம் நியாயமானதே. இருளரின் நெடுங்காலத் துயரம் முதன்முதலாக நாடறியும் அளவுக்குத் திரையில் பதிந்தது என்பதும் அதற்கு ஈடான உண்மை.

சிறையிலிருந்து விடுதலையாகி வெளியே வருவோரை அதிகாரி சாதி கேட்டுப் பிரித்து, வலுவற்ற சாதியினரை நிலுவை வழக்குகளுக்காகக் காவலரிடம் மீண்டும் ஒப்படைக்கும் காட்சியோடு படம் தொடங்குகிறது. சூர்யா நடித்த வழக்கறிஞர் சந்துரு, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கொள்கையுடன் நிற்பவர். அவ்வகையில் அவர் 1949இன் வாய்பாட்டுக்கு உட்பட்டவரே. பிரகாஷ்ராஜ் நடித்த காவல்துறை அதிகாரி பெருமாள்சாமி மாறுகிறார். அடக்குமுறை சில வேளைகளில் தேவை என்று நம்பும் அவரை, பொய்வழக்குகளால் சிதைந்த இருளர்கள் ஒவ்வொருவராகத் தம் கதையைச் சொல்லும் இடத்துக்குச் சந்துரு அழைத்துச் செல்கிறார். அவர் வாதத்தில் தோற்கவில்லை, கேட்கிறார். இவ்வட்டாரத்து மனித உரிமை அமைப்புகள் நடத்திய பொது விசாரணைகளை, அதாவது பாதிக்கப்பட்டோர் பலர் முன்னிலையில் சாட்சியம் அளிக்கும் கூட்டங்களை, அறிந்தவர்களுக்கு அக்காட்சி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

படத்தின் உண்மையான வளர்ச்சி லிஜோமோள் ஜோஸ் நடித்த செங்கேணியுடையது. தனக்கென்று ஒரு கல்வீடு வேண்டும் என்று மட்டும் ஆசைப்பட்ட பெண். கணவன் ராசாக்கண்ணு அந்த வீட்டுக்காகவே பிறருடைய செங்கலை அறுக்கப் போகிறவன். காவல் நிலையத்தில் அவள் முதலில் கெஞ்சுகிறாள். பிறகு தேடுகிறாள், மனு எழுதச் சொல்கிறாள், நீதிமன்றத்தில் மிரண்டு நிற்கிறாள். மேலிடத்து உத்தரவு வந்து காவலர்கள் தாமே அவளை வீட்டில் கொண்டுவிட முன்வரும்போது, நிறைமாத வயிற்றோடும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டும் அவள் வண்டியில் ஏற மறுத்து நடக்கிறாள். ஜீப் அவள் நடைக்கு ஏற்ப ஊர்ந்து பின்னால் வருகிறது. வசனம் செய்யக்கூடியது அனைத்தையும் அங்கே நடை செய்துவிடுகிறது. பின்னர் உயர் அதிகாரி பணம் தந்து வழக்கை முடிக்க முயலும்போது அவள் மறுப்பது நம்பத்தக்கதாக இருப்பதற்கு அந்த நடையே காரணம். 1939இன் சாவித்திரிக்குச் சொத்து வேண்டியிருந்தது. செங்கேணிக்குத் தன் இழப்பும் பிடிவாதமும் போதுமானவையாக இருந்தன.

படத்தின் குறை, கொடுமை செய்யும் காவலர்களின் சித்திரிப்பில் இருக்கிறது. துணை ஆய்வாளர் எப்படி அத்தகையவர் ஆனார் என்பதை ஆராயாமல், அவர் வீட்டுச் சுவரில் ஒரு சமூகத்தின் சின்னமாகக் கருதப்படும் அக்கினிக் கலசம் கொண்ட நாட்காட்டி காட்டப்பட்டது. கடும் எதிர்ப்பு எழுந்த பிறகு அக்காட்சி மாற்றப்பட்டது. பாத்திரத்தின் அகத்தை எழுத வேண்டிய இடத்தில் அடையாளம் ஒன்றை மாட்டிவைப்பது கலைக்கும் உதவாது, அரசியலுக்கும் உதவாது. கொடியவனுக்கும் ஓர் அன்றாட வாழ்க்கை உண்டு. அதைக் காட்டும் படமே கொடுமை எப்படிப் பழக்கமாகிறது என்பதை விளக்க முடியும்.

படம் வெளிவருவதற்கு முந்தைய நாள், இருளர் நலனுக்கான அறக்கட்டளைக்குச் சூர்யா தரப்பினர் 1 கோடி ரூபாய் வழங்கினர். அது பாராட்டத்தக்க செயல். இனி இவ்வட்டாரத்தைப் பற்றிப் படம் எடுக்க வருவோர் செய்ய வேண்டியது வேறொன்றும் உண்டு. திண்டிவனம், விழுப்புரம் நீதிமன்றங்களின் வழக்குக் கட்டுகளிலும், கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு இருளர் எழுதிய மனுக்களிலும், சங்கங்கள் வெளியிட்ட உண்மை அறியும் அறிக்கைகளிலும், முதல் மனுவில் கைநாட்டு வைத்தவர் சில ஆண்டுகள் கழித்துக் கையெழுத்திட்டு எதிர்வாதம் செய்யும் நிலைக்கு வந்த தடங்கள் கிடக்கின்றன. மேலச்சேரியின் கூத்து வாத்தியார்களிடம், ஒரு மனமாற்றத்துக்கு எத்தனை நாழிகை கொடுக்க வேண்டும் என்ற அறிவு இன்னும் இருக்கிறது. முடிவுக் காட்சியின் வசனத்தை எழுதுவதற்கு முன் இவ்விரண்டையும் தேடிச் சென்று கற்றுக்கொள்வது திரைக்கதை ஆசிரியர்களின் கடமை.